கோவையிலிருந்து சாக்கனுக்கு வேலை மாற்றம்: ஹிமாலயனையும் ஆர்எக்ஸையும் என்ன செய்வது?

பீளமேடு ரைடர்

வணக்கம் நண்பர்களே. ஜூனிலிருந்து எனக்குப் புனே பக்கம் சாக்கனில் வேலை. இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன், அங்கே வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை, சம்பளம் நன்றாகவே கூடுகிறது, வீட்டிலும் எல்லோருக்கும் சம்மதம். போவது உறுதி. மனசு கிடந்து அடித்துக்கொள்வது வண்டிகளை நினைத்துத்தான்.

இரண்டு வண்டி இருக்கிறது. ஒன்று 2019 கடைசியில் எடுத்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. கடன் முழுக்கக் கட்டியாயிற்று, ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்னொன்று அப்பாவுடைய யமஹா ஆர்எக்ஸ் 100, 1993 மாடல், டிஎன் 37 நம்பர், பதிவு 2028 வரைக்கும் புதுப்பித்து வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு மூட்டு வலி, கிக்கர் அடிக்க முடியாது, அதனால் இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பிளாக் போரிங் செய்து, கார்புரேட்டர் டியூன் பண்ணி, சைலன்சர் கரி எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மலைதான். விடிவதற்கு முன்பே கிளம்பி பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு செக்போஸ்ட் திறக்கும்போது முதல் ஆளாக நின்று, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். கூட்டாளிகள் சேர்ந்தால் கோத்தகிரி, இல்லை ஆனைகட்டி பக்கம் மண் ரோடு. வாரம் முழுக்க ஆலையில் இருக்கிற ஆளுக்கு அந்த அரை நாள் எவ்வளவு முக்கியம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கனில் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் ஒரு கார், ஒரு பைக் நிறுத்தத்தான் இடம். மனைவி சொல்வது, "இரண்டையும் கொண்டு போவதென்றால் வேறு வீடு பாருங்கள், இல்லையென்றால் ஒன்றை இங்கேயே விடுங்கள், வெட்ட வெளியில் போட்டு மழையில் அழிய விடாதீர்கள்." அவள் சொல்வது நியாயம்தான்.

வண்டியை ரயிலில் அனுப்பலாமா, ஓட்டிக்கொண்டே போகலாமா, நம்பர் மாற்றுவதை எப்போது ஆரம்பிக்க வேண்டும், ஆர்எக்ஸை என்ன செய்வது, அங்கே சாக்கனிலிருந்து அரை நாளில் போய் வர மலை இருக்கிறதா, இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சேலத்துக்காரன்

வாழ்த்துகள் சகோ. நான் வேலைக்காக மூன்று மாநிலம் வண்டியோடு மாறியவன், அதனால் காகித விஷயத்தை நான் சொல்கிறேன், மலை விஷயத்தை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

கோவையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஆர்சியில் இருக்கும் வங்கிப் பெயரை எடுத்துவிடுங்கள். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்துப் போட்ட படிவம் 35ம் வாங்கி, அரசின் வாகனப் பதிவுக்கான பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடன் முடிந்தபோதே வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் தேதியைப் பாருங்கள், அந்தச் சான்றுக்குக் காலக்கெடு போட்டிருப்பார்கள், முடிந்திருந்தால் கிளைக்குப் போய் புதிதாகக் கேளுங்கள். இதை விட்டுவிட்டுப் போனால் பிற்பாடு ஒவ்வொரு வேலைக்கும் இதுவே குறுக்கே வந்து நிற்கும், அதுவும் வேறு ஊரில் இருந்துகொண்டு கோவைக் கிளைக்கு நடக்க முடியாது.

நம்பர் மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். நடுவில் போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள், கேட்டால் வண்டி எந்தத் தேதியில் மாநிலத்துக்குள் வந்தது என்று காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ரயில் பார்சல் ரசீது இதற்கு நல்ல சாட்சி. ஓட்டிக்கொண்டு போனால் வழியில் பெட்ரோல் போட்ட பில், தங்கிய லாட்ஜ் பில் இதையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள், வேலையில் சேர்ந்த கடிதத்தின் நகலையும் சேர்த்து.

என் கருத்து, புது வேலையில் தகுதிகாண் காலம் முடியும் வரை எதையும் தொடாதீர்கள். கோவை ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி, அதாவது வேறு மாநிலத்தில் பதிவு செய்யத் தடையில்லாச் சான்று, வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வண்டி இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்கிற நிலைமை, விற்கக்கூட முடியாது. ஆறேழு மாதம் போகட்டும், ஊர் ஒத்து வருகிறது, இருக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு ஆரம்பியுங்கள். ஆனால் பதினோராவது மாதம் வரைக்கும் தள்ளவும் கூடாது. என்ஓசிக்கு சேசிஸ் நம்பரின் அச்சு கேட்பார்கள். ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்திருக்கும் நம்பர் மேல் சின்னத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் விழும். கிரீஸையும் தூசியையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத் தேயுங்கள், ஒரு எழுத்து மங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கன் பிம்ப்ரி சிஞ்ச்வட் ஆர்டிஓவின் கீழ் வரும், எம்எச் 14. அங்கே படிவம் 27, என்ஓசி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து அந்த மாநில வரி கட்டினால் புது நம்பர். வரி வண்டியின் வயதையும் சிசியையும் பார்த்துப் போடுவார்கள். புது ஆர்சி வந்ததும் அதன் நகலை வைத்து கோவையில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். வண்டி வயது ஏற ஏற அந்தத் தொகை குறைந்துகொண்டே போகும், அலைச்சலும் உண்டு, இருந்தாலும் உங்கள் காசு, விடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புது நம்பரையும் முகவரியையும் தெரிவித்துவிடுங்கள். பாலிசியில் பழைய நம்பர் இருக்கும்போது ஏதாவது நடந்துவிட்டால் க்ளெய்ம் இழுத்தடிக்கும்.

அடுத்த வண்டி வாங்கும்போது பிஎச் நம்பரை, அதாவது எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாற்ற வேண்டாத பாரத் வரிசைப் பதிவெண்ணை, யோசியுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கும் தருகிறார்கள், இரண்டு இரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும், ஊர் மாறினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ரயில் பற்றி. கோவையிலிருந்து மும்பை லோகமான்ய திலக் போகும் குர்லா எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது. நீங்கள் அதே ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தால் பைக்கை லக்கேஜாகப் பதிவு செய்யலாம், இல்லையென்றால் பார்சல். ஆர்சி நகல், அடையாள அட்டை, இன்சூரன்ஸ் நகல் கையில் இருக்கட்டும். டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது, இருந்தால் அபராதம். ஹிமாலயன் எஃப்ஐ வண்டி, அதாவது பம்ப் மூலம் பெட்ரோலை இன்ஜினுக்குள் தெளிக்கும் வகை, ஓடவிட்டே காலி செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பெட்ரோல் இல்லாமல் பம்ப் சுற்றினால் பம்ப் கெட்டுவிடும். டியூப் போட்டு உறிஞ்சி எடுங்கள். பார்சல் ஆபீஸ் வாசலிலேயே சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டித் தர ஆள் இருப்பார்கள். கண்ணாடியை நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் கொஞ்சம் தளர்த்தி உள்பக்கம் திருப்பி வையுங்கள், வண்டியைச் சாய்க்கும்போது முதலில் உடைவது அதுதான். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஊர் இரண்டையும் பெயிண்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

பேக்கர்ஸ் மூலம் அனுப்புவதாக இருந்தால் சரக்கு ரசீதும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள், ஓடோமீட்டரை வீடியோ எடுத்து வையுங்கள். பாதி வழியில் நிறுத்தி வைத்துக்கொண்டு கூடுதல் பணம் கேட்ட கதை எனக்குத் தெரிந்தவர்களுக்கே நடந்திருக்கிறது.

கார்புரேட்டர் கணேசபுரம்

ஆர்எக்ஸ் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதை மேலே அழகாகச் சொல்லிவிட்டார்.

தயவுசெய்து அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். 30 வருடம் தாண்டிய டூ ஸ்ட்ரோக்கை இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்ய அலைவது ஒரு பாடு. அதைவிட முக்கியம், அந்த வண்டிக்குக் கைபார்த்த மெக்கானிக் கோவையில்தான் இருக்கிறார். பிஸ்டன் கிட், கிளட்ச் ஹவுசிங், ஒரிஜினல் சைலன்சர் எங்கே கிடைக்கும் என்று இங்கே உங்களுக்குத் தெரியும். உற்பத்தியை நிறுத்தி கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட வண்டிக்கு ஆள் பழக்கம்தான் ஸ்பேர் பார்ட்ஸ். அங்கே போய் முதலிலிருந்து தேட வேண்டும், அதுவரை கண்டவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஆனால் விட்டுவிட்டுப் போவது என்றால் போர்வை போர்த்திவிட்டுப் போவது இல்லை. நிறைய பேர் "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் வைக்கச் சொல்லியிருக்கேன்" என்பார்கள். அது வண்டிக்குக் கெடுதல். இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே ஈரம் தங்கும், சைலன்சரில் எண்ணெய்க் கரி கட்டும், பிளக் கறுத்துப் போகும். ஓட்டினால் ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும், கியர் எல்லாம் மாற்றி, பிரேக் எல்லாம் பிடித்து. நம்பிக்கையான ஒரு பையன், சித்தப்பா மகனோ மெக்கானிக்கோ, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அப்படி ஓட்டினால் அதுவே போதும். அவரிடம் 2டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) டேங்கில் அளவு பார்க்காமல் கிளப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அப்படி ஆள் கிடைக்கவில்லை, மாசக்கணக்கில் நிற்கத்தான் போகிறது என்றால் வேறு மாதிரி செய்ய வேண்டும். முன்பெல்லாம் டேங்கை ஃபுல்லாக நிரப்பி வை, துரு பிடிக்காது என்போம். இப்போது வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரையும் தின்னும். அதனால் டேங்கைக் காலி செய்து, கொஞ்சம் 2டி எண்ணெயை ஊற்றி எல்லாப் பக்கமும் நனையும்படி சாய்த்துச் சுழற்றி விடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு, அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு கிக்கரை மெதுவாக நாலு தடவை அமுக்கிவிட்டு மாட்டுங்கள். பேட்டரியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சைலன்சர் வாயில் துணி அடைத்து, அந்தத் துணி வெளியே தெரியும்படி சிவப்புத் துணியாக வையுங்கள், எடுக்க மறந்துவிடக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டும், கிளம்பும் முன் அதையும் மூடுங்கள். பெட்ரோல் டியூபையும் ஃப்ளோட் சேம்பர் கேஸ்கட்டையும் இப்போதே புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

அப்பாவால் கிக்கர் அடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவருக்கும் அது பிடிக்கும்.

துடியலூர் 2டி

நான் மாற்றுக் கருத்து. ஆர்எக்ஸைத்தான் கொண்டு போக வேண்டும். ஹிமாலயனை விற்றுவிட்டு அங்கே போய் வேறு வாங்கிக்கொள்ளலாம், அப்பா வண்டியை அப்படி வாங்க முடியாது. புனேயிலும் ஆர்எக்ஸ் பைத்தியங்கள் நிறைய இருக்கிறார்கள், மெக்கானிக் கிடைக்காமல் போகாது.

இந்திராயணிக் கரை

திண்டுக்கல்காரன், பல வருடமாக மோசியில் குடியிருக்கிறேன், வேலை சாக்கன் எம்ஐடிசி தொழிற்பேட்டையில். சகோ, முதலில் உங்கள் கம்பெனியில் வார விடுமுறை என்ன கிழமை என்று கேளுங்கள். சாக்கன், போசரி, பிம்ப்ரி பக்கம் நிறைய ஆலைகளுக்கு விடுமுறை வியாழக்கிழமை. புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுருங்குவார்கள். பைக் ஓட்டுபவருக்கு இது வரம். ஞாயிற்றுக்கிழமை லோனாவாலா, தாம்ஹிணி, பவனா ஏரிப் பக்கம் போனால் மும்பையும் புனேயும் சேர்ந்து ரோட்டில் நிற்கும். வியாழக்கிழமை அதே மலையில் பால் வண்டியும் எஸ்டி என்கிற அரசு பஸ்ஸும்தான் எதிரே வரும். கிளப் ரைடு எல்லாம் ஞாயிறில் போடுவார்கள், அதில் சேர முடியாதுதான். ஆனால் ஆலைக்குள்ளேயே வியாழக்கிழமைக் கூட்டாளிகள் நாலு பேர் கண்டிப்பாகக் கிடைப்பார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளேகாவ், சாக்கன், ஷிக்ராபூர் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி, சாக்கன் சவுக், அதாவது நாற்சந்தியை, தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் சவுக்குக்கு வடக்கே, ராஜ்குருநகர் போகும் பக்கமாக வீடு தேடுங்கள். காலையில் கேட்டைத் திறந்தால் நேரே மலைப் பக்கம் போகலாம், ஊரைக் கடக்க வேண்டாம். நான் மோசியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வாரமும் அதைக் கடக்கிறேன்.

நீங்கள் ஜூனில் வருகிறீர்கள், அதாவது மழை ஆரம்பிக்கும்போது. நம் ஊர் மழையை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும், பெரிய மழை ஐப்பசியில். இங்கே ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை சஹ்யாத்ரி (இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை) முகட்டில் ஓயாமல் கொட்டும். சாக்கனில் லேசாகத் தூறும்போது மால்ஷேஜ் மலைப்பாதையில் வெள்ளமாக இருக்கும், அதனால் வீட்டு ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

மால்ஷேஜ் உங்களுக்கு அரை நாள் தூரம்தான். மஞ்சர், நாராயண்காவ், ஆளேஃபாட்டா, ஓதூர் என்று போகிற நேர் ரோடு. ஜூலையில் அங்கே போனால் அருவி ரோட்டின் மேலேயே விழும், மஞ்சு இறங்கினால் முன் சக்கரத்துக்கு அடுத்த வெள்ளைக் கோடுகூட மங்கலாகத்தான் தெரியும். அழகுக்குக் குறையில்லை. ஆபத்து மழையில் இல்லை, மேலே இருந்து உருளும் கல்லிலும், திருப்பத்தில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களிடமும்தான். ஹிமாலயனில் 21 இன்ச் முன் சக்கரம் இருப்பதால் பள்ளம், கல் எல்லாம் ஏறி இறங்கும். ஆனால் டயர் தேய்ந்திருந்தால் வருவதற்கு முன் மாற்றுங்கள், நனைந்த செம்மண் மேல் தேய்ந்த டயர் நிற்காது. செயினைத் துடைத்து எண்ணெய் போடுவதை ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் செய்யுங்கள், பிரேக் பேடுக்குள் போகும் மண்ணையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இங்கே ஒரு மழைக்காலத்திலேயே பேட் தேய்ந்து போகும்.

2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் புஷி அணைக்கு மேலே ஒரு குடும்பமே வெள்ளத்தில் அடித்துப் போனது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் அருவி, அணை, கோட்டைப் பக்கமெல்லாம் ஆட்சியர் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. போர், மஹாட் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் வரந்தா காட் மலை ரோட்டையும் மழையில் அடிக்கடி மூடுவார்கள். செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள், கூகுள் மேப்பை நம்ப வேண்டாம், மலைக்கு அடிவாரத்தில் டீக்கடையில் "காகா, ரஸ்தா சாலூ ஆஹே கா?" (ரோடு திறந்திருக்கிறதா?) என்று மராத்தியில் கேளுங்கள், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஜுன்னர் பக்கம் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஜுன்னர், அம்பேகாவ், கேட், ஷிரூர் எல்லாம் கரும்பு பூமி, கரும்புக் காட்டில் சிறுத்தை குட்டி போட்டு வாழ்கிறது. வால்பாறை ரோட்டில் ஓட்டிப் பழகியவருக்கு விளக்கம் தேவையில்லை. பகலில் அதே பக்கம் நாணேகாட் போங்கள். மேல் வரை ரோடு இருக்கிறது, மலையை வெட்டி இறக்கிய பழைய வணிகப் பாதை, குகையில் சாதவாகனர் காலத்துப் பிராமிக் கல்வெட்டு. சுவர் முழுக்க எழுத்து. நின்று பார்க்க நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆழியாறு மாதிரி அடுக்கடுக்காக ஏறும் கொண்டை ஊசி இங்கே எதிர்பார்க்காதீர்கள். இது வேறு வகை மலை. மேலே சமதளமாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று விளிம்பு வரும், அதற்குக் கீழே கொங்கணம். அக்டோபர் பிறந்ததும் சரிவெல்லாம் மஞ்சள் பூவாக இருக்கும், பிப்ரவரி வரைக்கும் ஓட்ட அதைவிட நல்ல காலம் இல்லை.

குன்னூர்ப் பெண்

புனே பக்கம் வாக்கடில் இருந்து எழுதுகிறேன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரும் ஓட்டுவார். குழந்தை வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போவது குறைந்துவிட்டது, அதனால் ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று ஒரு பேச்சு, அதை இரண்டு பேரும் மீறுவதில்லை. புது ஊரில் உங்கள் மனைவிக்கு அக்கம்பக்கம் பழக நாள் ஆகும், அண்ணா. முதல் இரண்டு மூன்று மாதம் வாராவாரம் கிளம்பாமல், அவரையும் பின்னால் உட்கார வைத்து பவனா ஏரி, சாஸ்கமான் அணை மாதிரி பக்கத்து இடங்களுக்குப் போய் வாருங்கள். அப்புறம் அவரே உங்களைக் கிளப்பி விடுவார்.

தனியாகப் போவதென்றால் தாம்ஹிணிக்குள் நிறைய இடத்தில் சிக்னல் இருக்காது. எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறேன் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டுப் போக வேண்டும், வழியில் மனம் மாறினால் சிக்னல் இருக்கும் இடத்துக்கு வந்து சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கே வந்ததும் யாராவது உங்களை சாஸ்வட், பாராமதி, இந்தாபூர் பக்கம் "நல்ல ஆஃப் ரோடு இருக்கு, வாங்க" என்று கூப்பிடுவார்கள். பார்க்கப் பொட்டல் மாதிரி, யாருக்கும் வேண்டாத தரிசு மாதிரித்தான் இருக்கும். அது தரிசு இல்லை, புல்வெளி. ஓநாயும் சிங்காரா மானும் இருக்கிற இடம். தரையில் முட்டையிடும் பறவைகள் அங்கேதான் கூடு வைக்கின்றன. நாலு வண்டி ஒரு தடவை தடம் போட்டால் அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடும், மண் அரித்துக்கொண்டு போகும், பிறகு வருபவர்கள் சேறாக இருக்கிறது என்று பக்கத்தில் புதுத் தடம் போடுவார்கள். சாத்தாரா பக்கத்துக் காஸ் பீடபூமிக்கு உலகப் பாரம்பரியம் என்ற பெயர் 2012இல் வந்தது, வேலி போட்டார்கள், காவல் வைத்தார்கள். பெயர் வராத பீடபூமிகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் இதே செடிகள்தான் மழைக்கு முளைத்துப் பூக்கின்றன, அங்கே கேட்க ஆள் இல்லை. பீமாசங்கர், தாம்ஹிணி இரண்டும் சரணாலயம், அங்கே ரோட்டை விட்டு இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும். வழக்கு இல்லாத இடத்திலும் இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மண் ரோடு வேண்டுமென்றால் கிராமத்துக்குக் கிராமம் போகும் வண்டித் தடமே ஏராளம், அதில் ஓட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நீலகிரியில் புல்வெளி என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவள் நான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பீளமேடு ரைடர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. கம்பெனியில் கேட்டேன், விடுமுறை வியாழக்கிழமையேதான். ஆர்எக்ஸ் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், மாமா மகன் ஓட்டுவான், அப்பாவிடம் இன்று சொன்னேன், அவர் இப்போதே அவனுக்கு போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். துடியலூர் நண்பர் சொன்னதையும் யோசித்தேன், மனசு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் மூடிய இடம் இல்லாத ஊரில் நாலு மாத மழையில் அதை நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. வங்கிக்கு நாளைக்கே போகிறேன்.

ஹிமாலயனை ரயிலில் போடாமல் மே கடைசியில் ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு ஆசை. பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் வழி. 1,200 கிலோமீட்டர் சொச்சம் வரும். மனைவியும் குழந்தையும் ரயிலில் வருவார்கள். இன்னொன்று, கொங்கணக் கடற்கரையில் வண்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறார்களே, 411 கனமான வண்டி, அதை ஏற்ற முடியுமா?

சேலத்துக்காரன்

ஓட்டிக்கொண்டே போங்கள், மே கடைசி என்றால் தாராளமாகப் போகலாம். முதல் நாள் ஹூப்ளிவரை இழுக்க வேண்டாம், சித்ரதுர்காவில் நிறுத்திவிடுங்கள். சத்தியமங்கலம், திம்பம் 27 வளைவு, மைசூரு வழியாகப் போனால் அழகுதான், ஆனால் அங்கே இரவில் தடை, விடிந்த பிறகு ஏறும்படி கிளம்புங்கள். மூன்றாம் நாள் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். பிறகு மும்பை பக்கம் போகும்போது எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிவிடாதீர்கள், டூ வீலருக்கு அனுமதி கிடையாது, கண்டாலா வழியாகப் போகும் பழைய ரோடுதான் நமக்கு.

இந்திராயணிக் கரை

படகு என்றால் சின்னத் தோணி இல்லை சகோ, காரும் மினி லாரியும் ஏறுகிற தட்டையான ஃபெர்ரி. முன் பலகையைக் கரையில் இறக்குவார்கள், ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம். அகர்தாண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஸ்வி, தாபோள்–தோபாவே, ஜெய்கட்–தவ்சாள் இதெல்லாம் அப்படித்தான். பாசி பிடித்த கான்கிரீட் சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஏறியதும் கியரில் போட்டு நிறுத்திவிட்டு வண்டிப் பக்கத்திலேயே நில்லுங்கள். மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பதும் உண்டு. நவம்பரில் இரண்டு வியாழக்கிழமைக்கு நடுவில் லீவு கிடைத்தால் சொல்லுங்கள், முருட்டிலிருந்து தாபோள் வரை நான் வருகிறேன்.